விரிப்பின் மறுமுனை

எனக்கு வாய் நீளம். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது சொல்லி, அதற்கும் நான் கோபப்பட்டு, எதற்கு வம்பு. பஸ்ஸில் என் காலை மிதித்தவனை அடுத்த நிறுத்தம் வரைக்கும் சும்மா விடமாட்டேன். வீட்டுச் சொந்தக்காரர் என்னைத் தூரத்தில் கண்டாலே எதிர்ப்பக்கம் போய் நடப்பார். என் வீட்டுக்காரர் கல்யாணமான மூன்றாம் நாளே "சரிம்மா" என்று சொல்லக் கற்றுக்கொண்டார். பதினாறு வருடமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்படிப்பட்ட என்னை ஒருத்தி ஆறு மாதம் கசக்கிப் பிழிந்தாள், அது எனக்குத் தெரியவே இல்லை என்றால் நம்புவீர்களா? நானே இன்னும் முழுசாக நம்பவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தது ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். கட்டடத்துக்கு அடியில் நீளமான கூடம். சன்னல்கள் எல்லாம் உச்சியில், கூரையை ஒட்டி. அவற்றுக்கு வெளியே தெரு. உள்ளேயிருந்து பார்த்தால் நடப்பவர்களின் கணுக்கால் மட்டும் தெரியும். உலர்த்தும் இயந்திரங்களும் சூடான ரோலரும் விடுகிற ஆவி மேலே ஏறி அந்த வெளிச்சத்தில் கலக்கும். பதினொரு மணிக்கு மேல் கூடம் முழுக்க ஒரே வெள்ளை. யார் எங்கே நிற்கிறார்கள் என்பது குரலை வைத்துத்தான் தெரியும். நாம் பிடித்திருக்கிற விரிப்பின் மேல் தெருவில் போகிறவர்களின் நிழல் ஊர்ந்து போகும். முதல் நாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். யாரோ முகம் தெரியாதவர் என் கையில் இருக்கிற துணி மேல் நடந்து, ஓரத்துக்கு வந்து, இறங்கிப் போய்விடுவார்.

ரோலரிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை மடிப்பதுதான் எங்கள் வேலை. இது இரண்டு பேர் வேலை. எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு முனை பிடிக்க வேண்டும். ஒருத்தி "ம்" என்பாள், மற்றவள் "ம்" என்பாள். உடனே இருவரும் பின்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து, உடம்பு எடையைத் துணியில் கொடுத்து இழுப்பார்கள். ஒரே இழுப்பு, சுருக்கம் எல்லாம் போய்விடும். பிறகு பாதியாக மடித்து, நடந்து நடுவில் வந்து, என் முனையை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கீழே தொங்குவதை நான் எடுத்துக்கொள்வேன். அவ்வளவுதான். இதை நான் இதற்கு முன் ஒரு ஹோட்டல் சலவைக்கூடத்தில் ஒன்பது வருடம் செய்தேன். என் ஜோடி என் நாத்தனார், வீட்டுக்காரரின் தங்கை. வாய் பாட்டுக்கு ஊர்க்கதை பேசும், கை பாட்டுக்கு மடிக்கும். ஒன்பது வருடத்தில் அவளும் நானும் எத்தனை ஆயிரம் தடவை நடுவில் சந்தித்துக்கொண்டோமோ தெரியாது. அந்த ஹோட்டலை மூடினார்கள். அவள் ஒரு தையல் கடைக்குப் போனாள், நான் இங்கே வந்தேன். ஆறு மாதம் சோதனைக் காலம், அதன் பிறகு வேலை நிரந்தரம்.

இங்கே எல்லாரையும் மேய்க்கிறவளைப் 'பெரியக்கா' என்பார்கள். மேற்பார்வையாளர் என்றெல்லாம் யாரும் சொல்லமாட்டார்கள். தேன் மாதிரி பேச்சு. ஒருநாள்கூட அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

"வாடி என் தங்கம். ஒம்பது வருஷம் அனுபவமாமே? அப்ப நாங்கதான் உங்கிட்ட கத்துக்கணும்" என்றாள் முதல் நாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவளே ஒரு விரிப்பின் மறுமுனையைப் பிடித்தாள். "ம்" என்றேன். "ம்" என்றாள். சாய்ந்து இழுத்தேன்.

அவள் விட்டுவிட்டாள்.

நான் பின்பக்கமாகப் போய்த் தள்ளுவண்டியில் இடுப்பை இடித்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, தலைமேல் விரிப்போடு இருந்தேன். வெள்ளைக்கு வெளியே பன்னிரண்டு பேர் சிரிக்கிற சத்தம் கேட்டது. "ஐயோ தங்கம், கை வழுக்கிடுச்சுடி!" என்று பெரியக்கா ஓடிவந்து துணியை எடுத்தாள். "கோவிச்சுக்காத. இங்க எல்லாருக்கும் முதல் நாள் இப்படித்தான்."

இருப்பதிலேயே சத்தமாகச் சிரித்தது நான்தான். புது இடம், விளையாட்டு தெரியாதவள் என்று பேர் வாங்கக் கூடாது பாருங்கள்.

அடுத்த நாள் வேறொருத்தி விட்டாள். அதற்கடுத்த நாள் காலையில் ஒருத்தி, மாலையில் ஒருத்தி. சில நாள் யாரும் விடமாட்டார்கள், எல்லாம் ஒழுங்காக நடக்கும், நானும் மறந்துபோய் நன்றாகச் சாய்வேன், அன்றைக்குப் பார்த்து விடுவார்கள். எல்லாருக்கும் முதல் நாள் ஒரு நாளில் முடிந்தது. எனக்கு மட்டும் அது முடியவே இல்லை.

மூன்றாவது வாரம் என் வாய் திறந்துகொண்டது. "என்ன நெனச்சுட்டிருக்கீங்க எல்லாரும்? இடுப்பு ஒடிஞ்சா உங்கப்பனா வந்து ஆஸ்பத்திரி செலவு பாப்பான்?" என்று கூடமே அதிரக் கத்தினேன். ஆவிக்குள்ளிருந்து பெரியக்கா வந்தாள். அவள் கண்ணில் தண்ணீர். நிஜத் தண்ணீர், நான் பார்த்தேன்.

"உன்ன என் கூடப்பொறந்த தங்கச்சியா நெனச்சுதாண்டி விளையாடினோம். இவ்வளவு விஷம் வச்சிருப்பேன்னு தெரியாமப் போச்சு" என்றாள்.

எல்லாரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கைக்குழந்தையை நான் எட்டி உதைத்துவிட்டதாகத்தான் எனக்கே தோன்றியது. மன்னிப்புக் கேட்டேன். என் வாழ்க்கையில் நான் மன்னிப்புக் கேட்ட தடவைகளை ஒரு கையில் எண்ணிவிடலாம், அதில் அதுவும் ஒன்று. அன்றிலிருந்து என் பேர் 'மகாராணி' ஆயிற்று. "மகாராணிக்குக் கோவம் வரும், தள்ளி நில்லுங்கடி." "மகாராணி பெட்ஷீட்டைத் தொட நமக்கு யோக்யதை ஏது?" சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். பிறகு யாரும் மறுமுனையைப் பிடிக்கவே வரவில்லை.

சரி போ என்று நான் தனியாக மடிக்கக் கற்றுக்கொண்டேன். கூடத்தின் கடைக்கோடியில், சன்னல் வெளிச்சம் சரிந்து விழுகிற மூலை. விரிப்பின் நடுவைத் தாடையில் இடுக்கி, இரண்டு கையாலும் ஓரங்களைத் தேடிப் பிடித்து, முழங்காலில் தட்டி மடிக்க வேண்டும். முதலில் ஒன்றுக்கு நாலு நிமிடம் ஆனது. பிறகு இரண்டு. ஆவி சுற்றிலும் ஏறி நிற்கும். முகத்துக்கு நேரே வெள்ளைத் துணி, அதில் யார் யாருடைய நிழலோ நடந்து போகும், சிரிப்புச் சத்தம் எங்கேயோ தண்ணீருக்கு மேலே கேட்கும், நான் அடியில் இருப்பேன். சொல்லப்போனால் அது சுகமாகக்கூட இருந்தது. வெள்ளைக்குள் யாரும் என்னைக் கூப்பிடமாட்டார்கள். மணி எப்படிப் போகும் என்றே தெரியாது.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வெள்ளை விடவில்லை. கனவில் ஒரு விரிப்பை மடித்துக்கொண்டே போவேன். அதற்கு ஓரம் இருக்காது. "ம்" என்பேன். எதிர்ப்பக்கம் இருந்து பதில் வராது. மறுபடி "ம்" என்பேன். அந்தச் சத்தத்தில் நானே விழித்துக்கொள்வேன்.

ஒருநாள் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து தயங்கித் தயங்கி நின்றார்.

"ஏம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தானே இருக்கேன்."

"ரெண்டு வாரமா என்னைத் திட்டவே இல்லையே. அதான் கேட்டேன்."

மனுஷன் அதை எவ்வளவு கவலையோடு கேட்டார் தெரியுமா? எனக்குச் சிரிப்புக்கூட வரவில்லை.

ஐந்தாவது மாதம் பாதி ஆனபோது ஒரு புது ஆள் வந்தாள். ஐம்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள். கூடத்துக்குள் வந்ததுமே ஆவியில் கண்ணாடி மங்கிவிடும், ஏப்ரன் நுனியால் துடைத்துப் போட்டுக்கொள்வாள், மறுபடி மங்கும். எல்லாரும் 'கண்ணாடிம்மா' என்று கூப்பிட்டார்கள். முன்பின் இந்த வேலை தெரியாது. "எப்படிப் பிடிக்கணும்மா?" என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பெரியக்கா என் மூலைக்கு வந்து என் தோளில் கை வைத்தாள். மாதக்கணக்கில் அங்கே யாரும் என்னைத் தொட்டதில்லை. அந்தக் கை எவ்வளவு வெதுவெதுப்பாக இருந்தது என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது.

"மகாராணி, புதுசுக்கு நீயே ஒரு முனை பிடியேன்" என்றாள். சொல்லிவிட்டுக் கண்ணைச் சிமிட்டினாள்.

என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். பன்னிரண்டு பேரும் வேலையை நிறுத்திவிட்டு எங்கள் பக்கம் திரும்பியிருந்தார்கள். நான் கத்திய நாளுக்குப் பிறகு முதல் முறையாக அவர்கள் என்னோடு சேர்ந்து சிரிக்கத் தயாராக நின்றார்கள். கண்ணாடிம்மா நான் காட்டிய மாதிரியே இரண்டு முனையையும் கட்டை விரலுக்குள் அடக்கிப் பிடித்தாள். "ம்" என்றேன். "ம்" என்றாள், கவனமாக. நல்ல பிள்ளையாகப் பின்னால் சாய்ந்தாள்.

விட்டேன்.

அவள் கையை ஊன்றி விழுந்தாள். கண்ணாடி சறுக்கிக்கொண்டே போய் ரோலருக்கு அடியில் நின்றது. கூடமே சிரித்தது. கண்ணாடிம்மாவும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் எல்லாப் பக்கமும் பார்த்துச் சிரித்தாள்.

அன்றைக்குத் தேநீர் நேரத்தில் பெஞ்சில் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தி தன் பிஸ்கட்டைப் பாதியாக உடைத்துக் கொடுத்தாள். நான் ஏதோ சொன்னேன், எல்லாரும் கேட்டார்கள். தலைகால் புரியவில்லை எனக்கு. அன்று இரவு அந்தக் கனவு வரவில்லை. அடித்துப் போட்டதுபோல் தூங்கினேன். மூன்றாம் நாள் பெஞ்சுக்குப் போனபோது இடம் இல்லை. யாரும் நகரவும் இல்லை. நான் என் மூலைக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்று தேநீரைக் குடித்தேன்.

கண்ணாடிம்மாவின் மணிக்கட்டு வீங்கி, கட்டுப் போட்டார்கள். வீக்கம் வற்றாமல் அந்தக் கட்டு அப்படியே இருந்தது. விபத்துப் பதிவேட்டில் பெரியக்கா 'ஈரத் தரையில் கவனக் குறைவால் வழுக்கி விழுந்தார்' என்று எழுதினாள்.

ஆறாவது மாதம் முடிய ஒரு நாள் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை, பெரியக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு தாளைக் காட்டினாள். 'சக பணியாளர்களுடன் இணைந்து வேலை செய்ய இயலாதவர். இதை நான் ஏற்றுக்கொண்டு வேலையிலிருந்து விலகுகிறேன்.' கீழே என் கையெழுத்துக்கு ஒரு கோடு.

"எனக்கே மனசு கேக்கல தங்கம். ஆனா நீயே சொல்லு, ஆறு மாசத்துல யார்கூடயாவது நீ சேர்ந்து மடிச்சியா? நாளைக்குக் காலைல மேனேஜர் ரூம்ல ஒரு கையெழுத்து. சத்தமில்லாம முடிச்சுக்கலாம். வேற எடத்துல யாராவது கேட்டா நான் நல்ல வார்த்தை சொல்றேன்."

எனக்குக் கோபமே வரவில்லை. அதுதான் பயங்கரம். மூக்குக்கு மேல் கோபம் வைத்திருக்கிற நான், அந்தத் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, உண்மைதானே என்று நினைத்தேன். யார்கூடவும் சேர்ந்து மடிக்கவில்லைதான். ஒன்பது வருடம் செய்த வேலை இங்கே வரவில்லை. என் வாய்தான் காரணம், என் குணம்தான் காரணம். வேலை போனால் வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

அன்று சாயங்காலம் நாத்தனார் வந்திருந்தாள். மொட்டை மாடியில் துணி காய்ந்திருந்தது. வெயில் இறங்கி, எதிர்வீட்டுச் சுவரெல்லாம் மஞ்சளாக இருந்தது. கொடியில் எங்கள் வீட்டுப் பெரிய போர்வை ஒன்று, காற்றுக்கு மெதுவாக உப்பி உப்பி அடங்கிக்கொண்டிருந்தது. நான் அதை உருவித் தாடையில் இடுக்கப் போனேன்.

"நான் எதுக்கு இருக்கேன்? குடுங்க அண்ணி" என்று அவள் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு போய் எதிரே நின்றாள்.

"ம்" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் என் கை வெடுக்கென்று இழுத்துவிட்டது. போர்வை அவள் விரலிலிருந்து பிடுங்கிக்கொண்டு என் மேல் வந்து விழுந்தது.

"என்ன அவசரம் அண்ணி? ரயிலா புடிக்கப்போறீங்க?"

மறுபடி பிடித்தாள். மறுபடி பிடுங்கினேன். வேண்டுமென்று இல்லை. கை தானாகச் செய்கிறது. மூன்றாம் முறை அவள் பிடித்தபடியே நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இருங்க இருங்க. ஏன் கால இப்படிப் பின்னாடி ஊனிக்கிறீங்க? விழப்போற மாதிரி?"

குனிந்து பார்த்தேன். வலது கால் பின்னால் போய், குதிகால் தரையில் பதிந்து நின்றது. எப்போது போனது?

"நீ விட்டுட்டா?" என்றேன்.

"நான் ஏன் விடப்போறேன்?"

அவ்வளவுதான் கேட்டாள். கோபமாகக்கூட இல்லை, புரியாமல் கேட்டாள். அதானே, இவள் ஏன் விடப்போகிறாள்? ஒன்பது வருடத்தில் ஒருநாள் விட்டிருக்கிறாளா? காய்ச்சலோடு வந்த நாளில் விட்டாளா? நாங்கள் சண்டை போட்டுப் பேசாமல் இருந்த அந்த ஒரு மாதத்தில் விட்டாளா? எதிரே நிற்கிறவள் தன் எடையை நம்மை நம்பிக் கொடுத்திருக்கிறபோது யாராவது விடுவார்களா? கை வழுக்கினால் ஒரு தடவை வழுக்கும், இரண்டு தடவை வழுக்கும். பன்னிரண்டு பேருக்கு, மாற்றி மாற்றி, எனக்கு மட்டுமா வழுக்கும்?

போர்வையைப் போட்டுவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவள் பயந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே காதில் விழுந்தது, யாரோ ஒரு அப்பாவிப் பெண்ணுக்கு நடந்ததை நான் கேட்பதுபோல. இதை வேறொருத்தி என்னிடம் சொல்லியிருந்தால் அப்போதே கிளம்பிப்போய் அந்தப் பெரியக்காவின் முடியை ஆய்ந்திருப்பேன். எனக்கு நடந்ததால் விளையாட்டு என்று நினைத்திருக்கிறேன்.

"விளையாட்டாம் விளையாட்டு! அவ உங்களைத் திட்டம் போட்டு ஒதுக்கியிருக்கா அண்ணி. ஒதுக்கிட்டு, நீங்கதான் சேரமாட்டேங்கறீங்கன்னு எழுதியும் வச்சிருக்கா" என்று நாத்தனார் பல்லைக் கடித்தாள். சத்தம் கேட்டு மாடியேறி வந்த வீட்டுக்காரர் விஷயம் என்னவென்று தெரியாமலே "சரிம்மா, சரிம்மா" என்று என் முதுகைத் தடவினார்.

எல்லாவற்றையும் சொன்னேன் என்றேனே, அது பொய். கண்ணாடிம்மா கதையை மட்டும் சொல்லவில்லை. அது வாய் வரைக்கும் வந்து, திரும்பி உள்ளே போய்விட்டது.

மறுநாள் காலையில் மேனேஜர் அறை. ஆள் கெட்டவர் இல்லை, கீழே கூடத்துக்கு வந்ததே இல்லை, அவ்வளவுதான். மேசை மேல் தாளும் பேனாவும். பெரியக்கா நாற்காலியில் அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்திருந்தாள்.

"கையெழுத்துப் போடமாட்டேன் சார்" என்றேன். ஏன் என்றார். சொன்னேன். என் குரல் அதுபாட்டுக்கு நடுங்கியது. பெரியக்கா முழுவதையும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். சின்னப் பிள்ளைகள் உளறுவதை அப்படித்தான் கேட்பார்கள்.

"பாவம் சார் அது. மனசுல எதையோ போட்டுக் குழப்பிக்கிது. வேலை நேரத்துல நாங்க நாலு பேர் சிரிச்சுப் பேசுவோம், அதைப் போய்..." என்றாள்.

மேனேஜர் கீழேயிருந்து இரண்டு பேரை வரவழைத்துக் கேட்டார். ஒருத்தி தரையைப் பார்த்தாள். பிஸ்கட் கொடுத்தவள் சுவரைப் பார்த்தாள். "அப்படியெல்லாம் ஒண்ணும் தெரியாது சார்" என்றார்கள் இருவரும், சொல்லிவைத்த மாதிரி. சொல்லிவிட்டுப் போனார்கள்.

"நான் என்னம்மா பண்றது? இது உங்க வார்த்தை, அது அவங்க வார்த்தை. பார்த்தவங்கன்னு ஒருத்தராவது வேணாமா?" என்றார் மேனேஜர். அவர் பேனாவை என் பக்கம் நகர்த்தவில்லை. ஆனால் அது என் பக்கமாகத்தான் இருந்தது.

பார்த்தவர்கள் யாரும் வரமாட்டார்கள். பார்த்ததைச் சொன்னால் அடுத்த மகாராணி அவர்கள்தான். அறைக்குள் ஒரு நிமிடம் எல்லாம் வெள்ளையாகி, சத்தமெல்லாம் மேலே எங்கேயோ போய்விட்டது. என் மூலைக்குள் இருக்கிற மாதிரியே இருந்தது. அப்படியே இருந்துவிடலாம் போலக்கூட இருந்தது. ஒரு கையெழுத்து, அவ்வளவுதானே. போய்விட்டால், நான் செய்ததும் என்னோடு போய்விடும், யாருக்கும் தெரியப்போவதில்லை.

"பார்த்தவங்க வேணாம் சார். செஞ்சவ போதுமா?" என்றேன்.

"என்னம்மா சொல்றீங்க?"

"கண்ணாடிம்மா கைல கட்டு போட்டிருக்காங்களே, உங்க புஸ்தகத்துல தரை ஈரம்னு எழுதியிருக்கும். தரை ஈரமே இல்ல. நான்தான் விட்டேன். இவங்க வந்து தோள்ல கை வச்சு, கண்ணக் காமிச்சு, விடச் சொன்னாங்க. நான் விட்டேன். எனக்கு எப்படியெல்லாம் விட்டாங்களோ அப்படியே."

பெரியக்காவின் முகத்தில் தேன் வற்றியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"தெரிஞ்சுதான் பேசறியா? உன்னை யாரு இதையெல்லாம் இங்க வந்து சொல்லச் சொன்னது? நீயும்தானே விட்டே, மாட்டினா நான் மட்டுமா மாட்டுவேன்?" என்றாள். தங்கம் இல்லை, மகாராணி இல்லை. சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே அது காதில் விழுந்திருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டாள்.

மேனேஜர் தாளைத் தன் பக்கம் இழுத்து, குறுக்கே ஒரு கோடு போட்டார். விபத்துப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். "விசாரணை முடியற வரைக்கும் நீங்க கீழ போகவேணாம்" என்றார் பெரியக்காவிடம். என்னிடம் திரும்பி, "உங்களையும் விசாரிப்பாங்கம்மா. உங்க வேலைக்கு இப்ப நான் உத்தரவாதம் தர முடியாது" என்றார்.

"விசாரிக்கட்டும் சார்" என்றேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் சொன்னது நான்தான், என் பழைய குரலில்.

கீழே இறங்கினேன். ஆவி ஏறத் தொடங்கியிருந்தது. பெஞ்சுப் பக்கம் யாரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் தேடியவள் அங்கே இல்லை. கடைக்கோடியில், என் மூலையில் இருந்தாள். கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு, விரிப்பைத் தாடையில் இடுக்கப் பார்த்தாள். அது நழுவி நழுவி விழுந்தது.

போய் எதிரே நின்றேன்.

"கண்ணாடிம்மா, அன்னிக்கு உங்க கை வழுக்கல. நான்தான் விட்டேன். வேணும்னேதான் விட்டேன். மேனேஜர்கிட்ட சொல்லிட்டு வர்றேன். என்னை மன்னிச்சிடுங்க. மன்னிக்காட்டியும் பரவாயில்ல, உங்களுக்குத் தெரியணும்."

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். ஏப்ரன் நுனியால் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"விட்டியா..." என்றாள் மெதுவாக. "எனக்குத்தான் பிடிக்கத் தெரியலேன்னு நெனச்சேம்மா. ஒன்றரை மாசமா வீட்ல கதவுப் பிடில துணியக் கட்டி, தினம் இழுத்து இழுத்துப் பழகிட்டிருக்கேன்."